கமென்ட்டுக்குள் இடைவெளி விடச் சொல்லி விதி போட வேண்டுமா?

அரைப்புள்ளி:
எங்கள் குழுவில் சிஎஸ்எஸ்ஸுக்கு (இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) ஸ்டைல்லின்ட் என்ற சோதனைக் கருவி வைத்திருக்கிறார்கள். கமென்ட்டை, அதாவது நிரலுக்குள் எழுதும் குறிப்பை, /*தலைப்பு*/ என்று ஒட்டி எழுதினால் பில்டு (தளத்தைத் தொகுக்கும் வேலை) நிற்கிறது, /* தலைப்பு */ என்றால்தான் உள்ளே விடுகிறது. பிரவுசருக்கு இரண்டும் ஒன்றுதான். கோப்பைச் சுருக்க மினிஃபை செய்தால் கமென்ட்டே மிஞ்சாது. எதற்கு இந்தக் கெடுபிடி?

நெடுவரிசை:
பிரவுசருக்காகவா கமென்ட் எழுதுகிறோம்? நாலு பேர் நாலு விதமாக எழுதினால் யாராவது போகிற போக்கில் சரிசெய்வார். அந்தத் திருத்தம் உண்மையான மாற்றத்தோடு டிஃப்பில் (மாறிய வரிகளைக் காட்டும் பட்டியலில்) கலந்து நிற்கும். விதி இருந்தால் அந்தத் தொல்லை இல்லை, ஸ்டைல்லின்ட்டுக்கு ஃபிக்ஸ் கட்டளை கொடுத்தால் அதுவே இடைவெளி வைத்துவிடும்.

அரைப்புள்ளி:
நிரலை அழகுபடுத்த ப்ரிட்டியர் என்ற கருவி இருக்கிறதே. ஸ்டைல்லின்ட்காரர்களே 2023இல் 15ஆம் பதிப்பில் இந்த மாதிரி 76 விதிகளை ஓரங்கட்டி, 16இல் தூக்கியும் விட்டார்கள்.

நெடுவரிசை:
அந்தப் பட்டியலில் இது இல்லை. கமென்ட்டுக்குள் இடைவெளி, கமென்ட்டுக்கு முன் வெற்று வரி, இரண்டும் 16லும் இருக்கின்றன. ப்ரிட்டியர் கமென்ட்டுக்குள் கை வைக்காது, ஒட்டி எழுதியதை ஒட்டியபடியே விட்டுவிடும்.

பழையகோப்பு:
நடுவில் நுழைகிறேன். ஃபிக்ஸ் கொடுப்பதானால் தனி கமிட்டாக (தனிப் பதிவாக) போடுங்கள். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில், 2.23 முதல், எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் பிளேமில் அந்தக் கமிட்டைத் தவிர்க்கச் சொல்லலாம், இல்லையென்றால் எல்லா வரியிலும் உங்கள் பெயர்தான். இன்னொன்று, சொந்தமாக ரெஜெக்ஸ் (தேடி மாற்றும் வாய்பாடு) எழுதி இடைவெளி திணிக்காதீர்கள். உரிமக் குறிப்பு /*! என்று தொடங்கும், மினிஃபையர்கள் அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்துத்தான் அதை விட்டுவைக்கும். நடுவில் ஓர் இடைவெளி விழுந்து /* ! ஆனால் உரிமமே காணாமல் போகும், யாருக்கும் தெரியவும் தெரியாது. /*! போட்டு அடுத்து இடைவெளி விட்டிருந்தால் ஸ்டைல்லின்ட் அதைத் தொடாது.

அரைப்புள்ளி:
உருப்படியான தகவல், நன்றி. உள்ளே இடைவெளி, சரி, இருந்துவிட்டுப் போகட்டும். வெற்று வரி விதியைத்தான் என்னால் ஏற்க முடியாது. ஒரே பிளாக்குக்குள் (நெளிவு அடைப்புக்குறிக்குள்), எது எதற்கு மேல் தெரியும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் வரிக்கு மேல் ‘தலைப்பட்டைக்கு மேலே வர வேண்டும்’ என்று ஒரு வரி எழுதுகிறேன். அதற்கு முன்னால் வெற்று வரி விடச் சொல்கிறது. ஐந்து வரி பிளாக் இரண்டு துண்டாகிறது. மேலே இருக்கும் பொசிஷன் வரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரிகிறது.

நெடுவரிசை:
அரைப்புள்ளிக்குப் பிறகு அதே வரியில் எழுதுங்கள், அதை விதி கண்டுகொள்ளாது. (உங்கள் பெயருக்கும் பொருத்தம்!) பிளாக்கின் முதல் வரியில் வரும் கமென்ட்டுக்கும் ஸ்டைல்லின்ட்டின் ஸ்டாண்டர்டு கான்ஃபிகில் (பொதுவான விதி அமைப்பில்) விலக்கு உண்டு.

அரைப்புள்ளி:
காரணம் நீளமாக இருந்தால்? வரி திரைக்கு வெளியே ஓடும். வேண்டாம், இந்த விதியை அணைக்கச் சொல்லித்தான் குழுவில் கேட்கப்போகிறேன்.

நெடுவரிசை:
கேளுங்கள், நான் அங்கே இருந்தால் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். நீளமான காரணத்துக்கு மேல் ஒரு வெற்று வரி இருந்தால் கண்ணில் படும். அணைத்தாலும் கான்ஃபிகில் அணையுங்கள், கோப்புக்குக் கோப்பு, விதியை நிறுத்தச் சொல்லும் டிஸேபிள் கமென்ட் தூவி வைக்காதீர்கள்.