பிரிட்டனில் கால்பந்து ரசிகர்களோடு அரசியல் பேசிய அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் அடிக்கடி சொல்வார்கள். அப்படிச் சொன்னவரே அடுத்த பத்து நிமிடத்தில் டிக்கெட் விலை, கிளப்பின் உரிமையாளர், அரசாங்கம் என்று வரிசையாகத் திட்டித் தீர்ப்பதையும் நாம் கேட்டிருக்கிறோம். அங்கே வாழும் உறுப்பினர்கள் உள்ளூர் ரசிகர்களோடு தங்களுக்கு நேர்ந்த இத்தகைய உரையாடல்களை எழுத வேண்டுகிறேன். கட்சிப் பிரசாரம் வேண்டாம். நேரில் கண்டதும் கேட்டதும் போதும்.

லிவர்பூலிலிருந்து

2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழா நடந்தது. அன்று மாலையே லிவர்பூல் கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கும் பிரென்ட்ஃபோர்டுக்கும் ஆட்டம் இருந்தது. பிரீமியர் லீக்கின் வேண்டுகோளின்படி ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் ஒலித்தபோது, ரசிகர்கள் பலர் கூச்சலிட்டு அதை அமுக்கினார்கள். என்னோடு மருத்துவமனையில் வேலை செய்யும் மூத்த போர்ட்டர் ஒருவர் பல ஆண்டுகளாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். மன்னர்மீது அவ்வளவு வெறுப்பா என்று அடுத்த வாரம் அவரிடம் கேட்டேன். அவர் மன்னரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் 1981இல் ஆரம்பித்தார்.

லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் கலவரம் நடந்த அந்த ஆண்டில், லிவர்பூலுக்குப் பணம் செலவழிப்பது வீண், அந்நகரைத் தேய்ந்துபோக விடுவதையும் ஒரு வழியாக யோசிக்கலாம் என்ற கருத்தை நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ் பிரதமர் தாட்சரிடம் முன்வைத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து அரசு ஆவணங்கள் வெளியிடப்பட்டபோதுதான் இது உலகுக்குத் தெரிந்தது. "ஆவணம் வந்துதானா எங்களுக்குத் தெரிய வேண்டும்? துறைமுகத்தில் என் அப்பாவுக்கு வேலை போனபோதே தெரிந்துவிட்டது" என்றார் அவர். பிறகு ஹில்ஸ்பரோவுக்கு வந்தார். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் நடந்த எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள். கடைசியாக இறந்தவர் 2021 வரை அந்தக் காயங்களோடு வாழ்ந்தவர். ரசிகர்கள் குடித்துவிட்டு வந்ததுதான் காரணம் என்று காவல்துறை பழியைப் போட்டது, 'தி சன்' நாளிதழ் அதை முதல் பக்கத்தில் உண்மை என்று அச்சிட்டது. ரசிகர்கள்மேல் தவறில்லை, அவை சட்டவிரோத மரணங்கள் என்று விசாரணை நடுவர் குழு தீர்ப்பளிக்க 2016 ஆனது. அந்த மரணங்களுக்காக ஒரு காவல் அதிகாரிகூடத் தண்டிக்கப்படவில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகு அவர் தொழிற்கட்சியின் தீவிர விசுவாசியாக இருப்பார் என்று எண்ணத் தோன்றும். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தொழிற்கட்சிக்கே வாக்களித்த அவர் அதிகம் கோபப்படுவதும் அக்கட்சியின் மீதுதான். 2009இல் ஹில்ஸ்பரோ நினைவுக் கூட்டத்தில் பேச வந்த தொழிற்கட்சி அரசின் அமைச்சர் ஆண்டி பர்னம், அவரே நகரின் இன்னொரு கிளப்பான எவர்ட்டனின் ரசிகர் என்றபோதும், நீதி கேட்ட முழக்கத்தால் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. முழங்கியவர்களில் தானும் ஒருவன் என்று இவர் பெருமையோடு சொல்கிறார். பிற்பாடு அந்த விவகாரத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டதற்காக பர்னமை மதிக்கவும் செய்கிறார். கட்சித் தலைவராக இருந்த கியர் ஸ்டார்மர் 2021இல் அதே 'தி சன்' நாளிதழில் கட்டுரை எழுதியதை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை. இத்தகைய விசாரணைகளில் அரசு அதிகாரிகள் உண்மையை மறைக்காமல் சொல்லக் கட்டாயப்படுத்தும், ஹில்ஸ்பரோ சட்டம் என்று அழைக்கப்படும் மசோதா 2025 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டபோது, நிறைவேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதோடு முடித்துக்கொண்டார்.

கிளப்பின் உரிமையாளர்களையும் அவர் விட்டுவைப்பதில்லை. 2016 பிப்ரவரியில், புதிய பிரதான அரங்கில் மிக உயர்ந்த டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்ததை எதிர்த்து, சண்டர்லாண்டுடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. அவர்கள் போன பிறகு ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைத் திரும்பப் பெற்றார்கள். எந்தத் தேர்தலிலும் தன் வாக்குக்கு இத்தனை விரைவாகப் பலன் கிடைத்ததில்லை என்பார் அவர்.

ஆட்ட நாட்களில் மைதானத்துக்கு வெளியே உணவு வங்கிக்காகப் பொருள் சேகரிப்பவர்கள் நிற்பார்கள். லிவர்பூல், எவர்ட்டன் இரு தரப்பு ரசிகர்களும் சேர்ந்து 2015இல் தொடங்கிய முயற்சி இது. சிவப்பும் நீலமும் கலந்தால் வருவது ஊதா என்பதால் அதையே அடையாள நிறமாகக் கொண்டார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான இயன் பர்ன் 2019இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஒருமுறை அங்கே பீன்ஸ் டின்னும் பாஸ்தாவும் கொடுத்தவர்களுக்குப் பின்னால் ஓர் இளம்பெண் குழந்தைக்கான டயப்பர் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்து, "மன்னர்மீது வெறுப்பா என்று கேட்டாயே, இதைப் பார்த்துக் கேள்" என்றார் அவர்.

பெரியிலிருந்து

மேலே எழுதிய நண்பர் இடதுசாரி மனநிலையுள்ள ஒரு நகரத்தைப் பற்றிச் சொன்னார். மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் எங்கள் பெரி நகரம் அப்படிப்பட்டதல்ல. 2019 டிசம்பர் பொதுத்தேர்தலில் பெரி வடக்குத் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி வெறும் 105 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றது. அந்த வாக்குகளில் ஒன்று என் பக்கத்து வீட்டுக்காரருடையது. சிறிய கட்டடத் தொழில் செய்யும் அவர் பிரெக்சிட்டுக்கு வாக்களித்தவர். அரசாங்கம் எதில் தலையிட்டாலும் எரிச்சல்படுபவர்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று, 1885இல் தொடங்கிய பெரி கால்பந்துக் கழகம் இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. முந்தைய டிசம்பரில் கிளப்பை ஒரு பவுண்டுக்கு வாங்கிய உரிமையாளரால் கடனை அடைக்கத் தன்னிடம் பணம் இருக்கிறது என்று நிரூபிக்க முடியவில்லை. யாரோ வாங்கப்போகிறார்கள், அடுத்த ஆட்டம் நடக்கும் என்ற செய்தி பரவியதால் அன்று காலை முதலே ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக கிக் லேன் மைதானத்துக்குப் போய் இருக்கைகளைக் கழுவினார்கள். என் பக்கத்து வீட்டுக்காரரும் வேலையைப் போட்டுவிட்டுப் போனார். மாலையில் வாங்குவோர் விலகிக்கொண்டதாகச் செய்தி வந்தது. இரவு கிளப்பை வெளியேற்றிய அறிவிப்பும் வந்தது. மறுநாள் வேலியோரம் நின்று அவர் பேசியதை நான் அப்படியே எழுத முடியாது. சாரம் இதுதான்: ஒரு வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்கத் தன்னிடம் எத்தனை சான்றிதழ் கேட்கிறார்கள், நூற்றாண்டு கடந்த ஒரு கிளப்பை வாங்குபவரிடம் ஏன் எதையும் கேட்பதில்லை?

அன்றிலிருந்து கால்பந்துக்கு மட்டும் அரசு ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற பெயரில் 2021 ஏப்ரலில் ஆறு பெரிய ஆங்கில கிளப்புகள் தனி லீக் அமைக்க முயன்று, ரசிகர்களின் எதிர்ப்பில் இரண்டே நாளில் பின்வாங்கியபோது, அந்த ஆறும் போனால் போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும் என்றார். அவர் ஆதரித்த கட்சியின் எம்.பி. டிரேசி கிரவுச் நடத்திய ஆய்வுதான் அந்த ஆண்டு நவம்பரில் சுயாதீன ஒழுங்குமுறை அமைப்பைப் பரிந்துரைத்தது; 2024 மார்ச்சில் மசோதாவைக் கொண்டுவந்ததும் சுனக் அரசுதான். தேர்தல் வந்ததால் அது காலாவதியானது. தொழிற்கட்சி அரசு அதைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தபோது கன்சர்வேட்டிவ் கட்சி எதிர்த்து வாக்களித்தது. தாங்கள் பிடித்த பிள்ளையாரையே இவர்கள் குளத்தில் கரைக்கப் பார்க்கிறார்கள் என்று நம் ஊராக இருந்தால் சொல்லியிருப்போம். அவர் சொன்னது அதைவிடக் காரமானது. 2025 ஜூலை 21 அன்று மசோதா சட்டமானது. உரிமையாளர்களின் பணம் எங்கிருந்து வருகிறது என்று சோதிப்பது, கிளப்புகளுக்கு உரிமம் வழங்குவது, ரசிகர்களைக் கேட்காமல் சின்னத்தையும் நிறத்தையும் மாற்றவிடாமல் தடுப்பது ஆகியவை அதில் இருக்கின்றன. பெரிக்கு ஆறு ஆண்டு தாமதம் என்பதைத் தவிர அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. 2023 முதல் மீண்டும் கிக் லேனில் ஆட்டம் நடக்கிறது, பல படிகள் கீழே உள்ள லீக்கில். அவர் தவறாமல் போகிறார். அடுத்த தேர்தலில் யாருக்கு வாக்கு என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்.

நியூகாசிலிலிருந்து

என் அனுபவம் அவ்வளவு நேர்த்தியானதல்ல. சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம் தலைமையிலான குழு 2021 அக்டோபர் 7 அன்று நியூகாசில் யுனைடெட்டை 305 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது; அப்போது 80 விழுக்காடு பங்கு அந்த நிதியத்துக்குப் போனது. அன்று மாலை கிளப்பின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க் முன்பு ஆயிரக்கணக்கானோர் கூடிக் கொண்டாடினார்கள். சிலர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அரபிகளைப் போல வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் மேலதிகாரியும் இருந்தார். அவர் ஈராக் போரை எதிர்த்து ஊர்வலம் போனவர், தொழிற்சங்கத்தில் பொறுப்பு வகிப்பவர், மனித உரிமை பற்றி எங்களுக்கே வகுப்பெடுப்பவர்.

எப்படி உங்களால் முடிகிறது என்று நான் கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. பிரிட்டிஷ் அரசே சவூதிக்கு ஆயுதம் விற்கிறது, லண்டனில் பாதிக் கட்டடங்கள் வளைகுடாப் பணத்தில் எழுந்தவை, பிறகு மனசாட்சியைச் சுமக்கும் வேலையை வடகிழக்கின் கால்பந்து ரசிகனிடம் மட்டும் ஏன் ஒப்படைக்கிறீர்கள் என்றார். பதினான்கு ஆண்டுகள் முந்தைய உரிமையாளர் மைக் ஆஷ்லியின் கஞ்சத்தனத்தைச் சகித்தவர்களின் தரப்பு அது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அரசாங்கத்தைத் திட்டுவதற்குப் பயன்படும் வாதம் நம்முடைய கொண்டாட்டத்துக்கும் அனுமதிச் சீட்டாகிவிடுமா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

2022 மார்ச் 12 அன்று சவூதியில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மறுநாள் நியூகாசில் அணி செல்சியுடன் ஆடியது. செல்சியின் உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துகளை, உக்ரைன் போரை முன்னிட்டு, மூன்று நாள் முன்புதான் பிரிட்டிஷ் அரசு முடக்கியிருந்தது. அந்த ஆட்டத்தை என் மேலதிகாரியோடு ஒரு பப்பில் அமர்ந்து பார்த்தேன். ஒரு உரிமையாளருக்குத் தடை, இன்னொருவருக்கு வரவேற்பு என்று அரசு எதை வைத்து முடிவு செய்கிறது என்பதே அங்கே பேச்சாக இருந்தது. முந்தைய நாள் கொல்லப்பட்டவர்களைப் பற்றி எங்கள் மேசையில் பேச்செடுத்தவர் அவருடைய மகள் மட்டுமே. அப்பா பதில் சொல்லவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு பார் பக்கம் போய்விட்டார். 2025 மார்ச்சில், 1955க்குப் பிறகு முதன்முறையாக நியூகாசில் முக்கிய உள்நாட்டுக் கோப்பை ஒன்றை வென்றபோது, அப்பாவும் மகளும் சேர்ந்துதான் அழுதார்கள்.

கிளாஸ்கோவிலிருந்து

இங்கே எந்தக் கிளப் என்ற கேள்விக்கு மதம், அயர்லாந்து, ஸ்காட்லாந்து விடுதலை எல்லாவற்றுக்கும் சேர்த்து விடை கிடைத்துவிடுகிறது: செல்டிக் என்றால் கத்தோலிக்க, ஐரிஷ் தரப்பு, ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டன்ட், பிரிட்டிஷ் ஒன்றியத் தரப்பு என்று கொள்வார்கள். 2016இல் இஸ்ரேலிய அணியுடனான ஆட்டத்தில் பாலஸ்தீனக் கொடிகளைப் பிடித்த செல்டிக் ரசிகர்கள், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ விதிக்கும் அபராதத்துக்கு எதிர்வினையாக பாலஸ்தீனத் தொண்டு நிறுவனங்களுக்கு 1,70,000 பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். என்னோடு படித்த ரேஞ்சர்ஸ் ரசிகர் பிரிட்டிஷ் ஒன்றியக் கொடியை அறைச் சுவரில் மாட்டியிருப்பவர். ரசிகர்களின் சில பாடல்களைக் குற்றமாக்கிய 2012 சட்டம் 2018இல் ரத்தானபோது, செல்டிக் நண்பரும் அவரும் ஒரே மேசையில் மகிழ்ந்ததை நான் பார்த்தேன். என்னிடம் எந்தக் கிளப் என்று கேட்டால் கிரிக்கெட் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

வடக்கு லண்டனிலிருந்து

பெரி நண்பர் எழுதியதற்குச் சிறு சேர்க்கை. 2024இல் பிரதமரான ஸ்டார்மர் எங்கள் ஆர்சனல் கிளப்பின் சீசன் டிக்கெட்காரர். பாதுகாப்புக் காரணத்தால் அவர் தனி அறையிலிருந்து ஆட்டம் பார்ப்பது அந்த ஆண்டே சர்ச்சையானபோது, என் வரிசையில் வழக்கமாக அமரும் ஓய்வுபெற்ற ஆசிரியை அவருக்காக வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, டிக்கெட் வாங்கக் காத்திருப்போர் பட்டியலில் தன் பேரன் எத்தனை ஆண்டாக நிற்கிறான் என்பதை அந்த அறைக்குள் யாராவது சொல்ல வேண்டும் என்றார். புதிய சட்டத்தைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். டிக்கெட் விலை குறித்து ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அது கிளப்புகளுக்குச் சொல்கிறது. விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் ஒழுங்குமுறை அமைப்புக்கு இல்லை. "கலந்தாலோசிப்பார்கள், தேநீரும் தருவார்கள், அதன் பிறகு விலையை ஏற்றுவார்கள்" என்றார் அவர்.