கொருக்குப்பேட்டை தையல் யூனிட்டுக்கு பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும்

வணக்கம். எக்ஸ்போர்ட் ஆர்டருக்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. எல்லாரும் நன்றாகத் தைப்பவர்கள்தான். ஆனால் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் மெஷின்) தெரிந்தவருக்கு ஓவர்லாக் மட்டும்தான். காலர் வைக்கும் அக்கா லீவு போட்டால் மொத்த லைனும் நின்றுவிடுகிறது, சம்பளம் மட்டும் ஓடுகிறது. பையர் தரப்போ ஏக்யூஎல் 2.5 கணக்கில் (சாம்பிள் எடுத்துப் பார்த்து, இத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) பார்க்கிறார்கள். கடைசியில் செக் பண்ணி, பிரித்துத் தைப்பதிலேயே லாபம் போய்விடுகிறது.

ஆளுக்கு இரண்டு மெஷினாவது பழக்கி, லைனிலேயே செக்கிங் வைக்கச் சொல்லித்தர வேண்டும். மத்திய அரசின் சமர்த் திட்டத்தில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் பயிற்சி உண்டு. அதில் சேர்ந்த சின்ன யூனிட்காரர்கள் இங்கே இருக்கிறீர்களா? யூனிட்டிலேயே நடத்தினார்களா? பயிற்சி கிண்டி பக்கம் என்றால், அவ்வளவு தூரம் போக எங்கள் பெண்களை வீட்டில் விடமாட்டார்கள்.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் ரிடையர்டு சூப்பர்வைசர் யாராவது தெரிந்தாலும் சொல்லுங்கள். சம்பளம் பேசிக்கொள்ளலாம்.