குறைந்த செலவில் சேலம், ஏற்காடு: இரவு எங்கே தங்குவது?

ரயிலடி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் அறுவர் ஒரு சனி, ஞாயிறு சேர்ந்து கழிக்க விரும்புகிறோம். நால்வர் சென்னையிலும் இருவர் பெங்களூரிலும் இருப்பதால், இரு தரப்புக்கும் வசதியாகச் சேலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஊர் வந்து சேரும் கட்டணம் நீங்கலாகத் தலைக்கு 2,500 ரூபாய்க்குள் முடிய வேண்டும். எங்களில் ஒருவர் தற்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறார்; அவருடைய பங்கை நாங்கள் கொடுப்பதாகச் சொன்னால் வரவே மாட்டார் என்பதால் இந்த வரம்பைத் தாண்ட இயலாது. ஏற்காட்டில் சனிக்கிழமை இரவுக்கு அறை வாடகையைப் பார்த்தால் பணத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும் போலிருக்கிறது. மேலே தங்குவது நல்லதா, சேலத்தில் தங்கிப் பேருந்தில் போய் வருவது நல்லதா? எங்களிடம் சொந்த வண்டி இல்லை.

அஸ்தம்பட்டி வாசி:

சேலத்திலேயே தங்குங்கள். ஏற்காட்டில் பணம் கரைவது சாப்பாட்டிலோ நுழைவுச் சீட்டிலோ அல்ல. வார இறுதி அறை வாடகையிலும், இடம் சுற்றிப் பார்க்க அமர்த்தும் வண்டியிலும்தான். முதல் செலவை நகரத்தில் தங்குவதன் மூலம் வெகுவாகக் குறைத்துவிடலாம். புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றி எளிய விடுதிகள் நிறைய இருக்கின்றன; மூவர் படுக்கும் அறை இரண்டு எடுத்தால் போதும்.

சென்னை நண்பர்கள் ஏற்காடு எக்ஸ்பிரஸில் வெள்ளி இரவு ஏறினால் பொழுது விடியும் முன்பே சேலம் ஜங்ஷனில் இறங்கிவிடலாம். (பெயரில்தான் ஏற்காடு இருக்கிறது, ரயில் ஈரோட்டுக்குப் போகிறது.) குளித்து, பையை விடுதியில் வைத்துவிட்டு, காலை ஏழு மணிக்கெல்லாம் ஏற்காடு பேருந்தில் ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளில் தலை சுற்றுபவர் யாராவது இருந்தால் பின் இருக்கையைத் தவிர்த்து, வயிறு நிறையச் சாப்பிடாமல், கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளட்டும்.

ஏரியையும் அண்ணா பூங்காவையும் நடந்தே பார்த்துவிடலாம். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைக்கும் நடக்கத் தெம்புள்ளவர்கள் நடக்கலாம். பகோடா பாயிண்ட்டும் சேர்வராயன் கோயிலும் தொலைவு என்பதால் அவற்றுக்கு மட்டும் வண்டி பேசுங்கள். பேசும்போதே எந்தெந்த இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்பது, சொல்லும் தொகை வண்டிக்கா தலைக்கா என்பதை எல்லாரும் கேட்கும்படி முடிவு செய்துகொள்ளுங்கள். சென்ற கோடையில் என் உறவினர் குடும்பத்திடம், இறங்கும் நேரத்தில் காத்திருந்த நேரத்துக்கென்று தனியாகப் பணம் கேட்டுத் தகராறு ஆனது.

கிளியூர் அருவிக்கு ஒரு குறிப்பு. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் அங்கே விழுகிறது. எனவே முதலில் ஏரியைப் பாருங்கள். நீர் வழியாவிட்டால் அத்தனை படி இறங்கி ஏறி முழங்காலை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நேரத்தைச் சேர்வராயன் கோயிலுக்குக் கொடுங்கள். 5,326 அடி உயரத்தில், மலையின் உச்சியில் இருக்கும் குகைக் கோயில் அது. குனிந்து உள்ளே போனால் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். வெளியே வந்தால் காற்று ஆளைத் தள்ளும்.

மிளகுக்கொடி:

மேலே எழுதியவருடைய கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் ஏற்காட்டின் நல்ல பொழுது விடுபட்டுப் போகிறது. பகலில் வந்தவர்கள் எல்லாம் கீழே இறங்கிய பிறகுதான் ஊர் அடங்கும். இருட்டிய பின் லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் முழுவதும் விளக்காகத் தெரியும். அதிகாலையில் காப்பித் தோட்ட ஓரமாக நடந்தால், சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியின் இலை நுனியில் பனி சொட்டிக்கொண்டிருக்கும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இவை எதுவும் வாய்க்காது.

ஆகவே கிழமையை மாற்றிப் பாருங்கள். சனிக்கிழமை சேலத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிறு நண்பகலில் எல்லாரும் இறங்கத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் ஏறுங்கள். ஞாயிறு இரவு வாடகையைப் பெரும்பாலான விடுதிகளில் குறைத்துப் பேச முடியும். ஏரிக்கு அருகில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது, அங்கும் விசாரியுங்கள். எங்கே எடுத்தாலும் கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, வெந்நீர் எந்நேரமும் வருமா, அறையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்ற மூன்றையும் முன்பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் காட்சியும் நடக்கும் வாரத்தில் மட்டும் இந்த யோசனை பலிக்காது.

அஸ்தம்பட்டி வாசி:

நல்ல யோசனைதான். ஆனால் திங்கட்கிழமை விடுப்பும் ஒரு செலவுதானே? சம்பளம் பிடிக்கிற இடத்தில் வேலை செய்பவருக்கு அது அறை வாடகையைவிட அதிகமாகக்கூட ஆகிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:

இருவரும் மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி நகரப் பயணத்துக்கும்தானே வருகிறார்?

மாலையில் தள்ளுவண்டிக் கடையில் தட்டுவடை செட் சாப்பிடாமல் சேலத்துக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. உள்ளங்கையளவுத் தட்டுவடையில் ஒருபுறம் பச்சைச் சட்னி, ஒருபுறம் காரச் சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், நறுக்கிய வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுப்பார்கள். கொடுத்தவுடன் வாயில் போட்டுவிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டு நின்றால் சட்னி ஊறி நமுத்துவிடும். அதையே நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கலும் கேளுங்கள். அறுவரும் கூடி நின்று சாப்பிட்டாலும் ஓர் உணவகத்தில் இருவர் சாப்பிடும் பணம் ஆகாது.

ஞாயிறு காலை கோட்டை மாரியம்மன் கோயிலுக்கும் சுகவனேசுவரர் கோயிலுக்கும் போய் வரலாம். ஆடி மாதமென்றால் கோட்டைப் பகுதியில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. மாம்பழக் காலத்தில் வந்தால் மல்கோவாவையும் இமாம் பசந்தையும் ரயில் ஏறும் அவசரத்தில் வாங்காமல், முன்கூட்டியே கடைவீதியில் நாலு கடை விலை கேட்டு வாங்குங்கள். ஏற்காடு சாலையில் பேருந்து போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு தெரியும். டி. ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டுடியோவில் இன்று மிஞ்சியிருப்பது அதுதான்.

ரயிலடி:

மூவருக்கும் மிக்க நன்றி. எங்களில் இருவருக்குத் திங்கட்கிழமை விடுப்பு கிடைக்காது என்பதால் சனி இரவு சேலத்தில் தங்குவதாக முடிவு செய்துவிட்டோம். சனிக்கிழமை மலை, ஞாயிறு கோயில்கள், தட்டுவடை, இரவு ரயில். பொதுச் செலவை ஒருவரே செய்து கணக்கு எழுதுவார். அந்தப் பொறுப்பை வேலை தேடும் நண்பரே கேட்டு வாங்கிக்கொண்டார். மிளகுக்கொடி சொன்ன விளக்குகளை மட்டும் விட மனமில்லை. இருட்டும் வரை மேலே இருந்துவிட்டுப் பேருந்தில் இறங்க முடியுமா?

அஸ்தம்பட்டி வாசி:

முடியும். காலையில் இறங்கியவுடன் ஏற்காடு நிலையத்திலேயே இரவுப் பேருந்துகளின் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்துக்கு முந்தையதில் வருவதாகத் திட்டமிடுங்கள். வழியில் நின்று கை காட்டாமல் நிலையத்துக்கே போய் ஏறுங்கள்; சனிக்கிழமைக் கூட்டத்தில் அறுவருக்கும் சேர்த்து இடையில் இடம் கிடைக்காது.