அப்பாவுக்கு பைபாஸ், ஹீமோகுளோபின் 9.8: ரத்தம் ஏற்றுவதைக் குறைக்க முடியுமா?

கோவை மகள்:
அப்பாவுக்கு 67 வயது, மூன்று ரத்தக் குழாயில் அடைப்பு, அடுத்த மாதம் பைபாஸ். ஹீமோகுளோபின் 9.8தான். ரத்தம் கொடுக்க ஆட்களைத் தயார் பண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். ஆள் கிடைப்பதில் சிக்கல் இல்லை, ஆனால் முன்கூட்டியே நாங்கள் ஏதாவது செய்தால் அவருக்கு ஏற்ற வேண்டிய அளவு குறையுமா? ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுகிறார்.

பம்ப் ரூம்:
நான் பெர்ஃபியூஷனிஸ்ட், ஆபரேஷனில் இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுபவன். கண்டிப்பாகக் குறையும், ஒரு மாதம் கையில் இருப்பது நல்ல விஷயம். முதலில் ரத்தசோகை எதனால் என்று பார்க்கச் சொல்லுங்கள், உடம்பில் இரும்புச்சத்து இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்தார்களா? இரும்புச்சத்துக் குறைவு என்றால் நரம்பு வழியாக இரும்பு ஊசி போட நேரம் இருக்கிறது. மாத்திரைதான் கொடுத்தார்கள் என்றால் காபி, டீயோடு சேர்த்து விழுங்க விடாதீர்கள், சத்து உடம்பில் சேராது.

இயந்திரத்தின் குழாய்களை நிரப்பவே ஒரு லிட்டருக்கு மேல் திரவம் ஊற்றுவோம், அது அப்பாவின் ரத்தத்தோடு கலந்ததும் ஹீமோகுளோபின் சட்டென்று இறங்கிவிடும், 9.8 உள்ளவருக்கு இதுதான் பெரிய அடி. அதனால் குழாயின் நீளத்தைக் குறைப்போம், பம்ப் ஓடும் முன் அவருடைய ரத்தத்தையே பின்னோக்கி விட்டு அந்தத் திரவத்தில் ஒரு பகுதியை வெளியே தள்ளுவோம். சிந்தும் ரத்தத்தை செல் சேவர் என்ற கருவியில் கழுவித் திருப்பிக் கொடுக்கலாம். ட்ரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தால் கசிவு குறையும். இதெல்லாம் உண்டா என்று சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மயக்க மருத்துவர்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. க்ளோபிடோக்ரெலைப் பொதுவாக 5 நாள் முன்பு நிறுத்துவோம், ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர் என்றால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, ஹீமோகுளோபின் எந்த அளவுக்கு இறங்கினால் ரத்தம் ஏற்றுவது என்பதே முக்கியம். 2017இல் வந்த ட்ரிக்ஸ் 3 ஆய்வில், 5000க்கும் மேற்பட்ட இதய அறுவை நோயாளிகளில் ஒரு பாதிக்கு 7.5க்குக் கீழே போனால்தான் ஏற்றினார்கள், மற்றவர்களுக்கு 9.5க்குக் கீழே இறங்கினாலே. மரணமோ மாரடைப்போ பக்கவாதமோ முதல் பிரிவில் கூடவில்லை. மத நம்பிக்கையால் ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கும் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு ரத்தமே ஏற்றாமல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இதய சர்ஜன் டென்டன் கூலி 1960களிலேயே திறந்த இதய அறுவை செய்தார். ஆனால் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது எண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடியாது, அப்போது ஏற்றியே ஆக வேண்டும், தடுக்காதீர்கள்.

கோவை மகள்:
ரொம்ப நன்றி சார். ஃபெரிட்டின் இதுவரை எடுக்கவே இல்லை, நாளைக்கே கேட்கிறேன். தம்பி தன் ரத்தத்தையே அப்பாவுக்கு ஏற்றச் சொல்கிறான், அது பாதுகாப்புதானே?

மயக்க மருத்துவர்:
தம்பி ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், அது வேறு யாருக்காவது போகட்டும். நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தைக் கதிர்வீச்சு செய்யாமல் ஏற்றினால் அதிலுள்ள வெள்ளையணுக்கள் ஏற்றுக்கொள்பவரின் உடலையே தாக்கும் அபாயம் உண்டு, அரிதுதான், ஆனால் வந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம்.