ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் பாக்டீரியாவுக்குக் காவலா, இல்ல தனக்காக வாழுற ஜீனா?

பார்வதிபுரம்_பயோ:
நேத்து நாகர்கோவில்ல ஒரு செமினார்ல, டிஎன்ஏவ வெட்டுற ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் பேஜ்ங்குற, பாக்டீரியாவத் தாக்குற வைரஸ்கிட்ட இருந்து அத காப்பாத்தத்தான் வந்துச்சுன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. அது பாதிக் கதையாக்கும். இந்த ஜீனு தனக்காகவும் வேலை பாக்குன்னு ஜப்பான்ல கோபயாஷி குழு 1995லயே காட்டியாச்சு. மறுக்கவங்க வாங்க.

கோட்டாறு அண்ணாச்சி:
நான் மறுக்கேன் தம்பி. ஒரு பாக்டீரியா ஸ்ட்ரெயின்ல, அதாவது ஒரு உள்வகையில வளந்த பேஜ் இன்னொண்ணுல ஏற மாட்டேங்கே, ஏன்னு தேடிப் போய்த்தான் ஆர்பர் இதப் பிடிச்சாரு, ஸ்மித், நேதன்ஸ் கூட 1978ல நோபலும் வாங்கினாரு. ஈகோலை பாக்டீரியாவோட வெட்டுற என்சைம் ஈக்கோ ஆர் ஒன், அது டிஎன்ஏல தேடுறது ஜிஏஏடிடிசிங்குற ஆறெழுத்து, கணக்குக்கு 4096 எழுத்துல ஒரு தடவ வரணும், டி7 பேஜுக்கு கிட்டத்தட்ட 40,000 எழுத்து, அப்ப ஒரு பத்து எடமாவது இருக்கணும்லா, ஒண்ணு கூட கெடயாது. டி4 பேஜ் தன் டிஎன்ஏல சிங்குற எழுத்தான சைட்டோசினையே மாத்தி அது மேல சர்க்கரைய ஒட்டி வச்சிருக்கு. காவல் இல்லாத எடத்துல கள்ளன் எதுக்கு வேஷம் போடணும்?

பார்வதிபுரம்_பயோ:
அண்ணாச்சி, காக்கலன்னு நான் சொல்லல. வெட்டுறது கூடவே மெத்திலேஸ்னு இன்னொரு என்சைம் வரும்லா, அந்த ஆறெழுத்துல ரெண்டாவது ஏ மேல மெத்தில்ங்குற சின்ன அடையாளத்த ஒட்டும், ஒட்டுன எடத்த ஈக்கோ ஆர் ஒன் தொடாது. இப்ப ரெண்டு ஜீனும் பிளாஸ்மிட்ல, அதாவது குரோமோசோமுக்கு வெளிய தனியா கெடக்க டிஎன்ஏ வளையத்துல இருக்கு, ஒரு செல்லு அந்த பிளாஸ்மிட்ட தொலச்சிட்டுன்னு வையுங்க. மிச்சம் கெடக்க என்சைம் ரெண்டும் செல்லு பிரியப் பிரிய குறையும், ஆனா மெத்திலேஸ் குரோமோசோம்ல நூத்துக்கணக்கான எடத்த விடாம மூடணும், வெட்டுறதுக்கு மூடாத எடம் சிலது கெடச்சா போதும், செல்லு செத்துரும். பிளாஸ்மிட்ட வச்சிருக்கது மட்டும் மிஞ்சும். இதுல பேஜே வரலியே, இத எப்படி பாதுகாப்புன்னு சொல்லுவிய?

குலசேகரம் அக்கா:
லேப்ல பிள்ளைகளுக்கு இத செய்ய வைக்கவ நான். மக்னீசியம் இல்லன்னா ஈக்கோ ஆர் ஒன் வெட்டாது, கிளிசரால் கூடிட்டுன்னா தன் எழுத்து இல்லாத எடத்தையும் வெட்டும், வெட்டுன துண்டுகளப் பிரிச்சுப் பாக்க ஜெல்ல எதிர்பாக்காத பேண்டா, கோடா வந்து நிக்கும். இவ்வளவு ஆபத்தான சாதனத்த ஒரு செல்லு சும்மா வச்சிருக்காது. தம்பி சொல்லதுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு, ரோடோபாக்டர்ங்குற வேற பாக்டீரியால உள்ள ஆர்எஸ்ஆர் ஒன்ங்குற என்சைம் அதே ஆறெழுத்தத்தான் வெட்டும், அமினோ அமில வரிசையும் பாதி ஒத்துப்போகும். ஈகோலைக்கும் அதுக்கும் சொந்தம் ரொம்ப தூரம், ஜீனு ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவியிருக்குன்னு நெனைக்கதுதான் சரி.

கோட்டாறு அண்ணாச்சி:
தாவட்டும்மா, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா வெட்டுற ஜீனு கெட்டு மெத்திலேஸ் மட்டும் மிஞ்சினா செல்லுக்கு ஒரு சேதமும் கெடயாது. வயித்துல வாழுற ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியால இப்படி கெட்டுப்போன ஜோடி நெறைய கெடக்கு. ஈகோலையோட டாம் மெத்திலேஸுக்கு வெட்டுற ஜோடியே இல்ல, அது டிஎன்ஏ நகலெடுக்கையில வந்த பிழைய திருத்த, பழைய இழை எதுன்னு அடையாளம் காட்டிட்டு இருக்கு. தொலச்சா செல்லு செத்துரும்னு தம்பி சொல்லுக பிடி அவ்வளவு இறுக்கம்னா வெட்டுறது எப்படி கெடும்? கெடாம நிக்க எடத்துல பேஜ்தான் அத நிறுத்தி வச்சிருக்கு.

பார்வதிபுரம்_பயோ:
அதே பைலோரியத்தான் நானும் கேக்கேன் அண்ணாச்சி. ஒரு ஸ்ட்ரெயின்ல உள்ள ஜோடி அடுத்ததுல இல்ல, அதுல வேற ஜோடி. ஒரு எடத்துல கெடுகதுக்குள்ள அடுத்த ஸ்ட்ரெயினுக்குத் தாவிருது, அங்க நொழஞ்சதும் மறுபடி பிடி. அந்த நேரத்துல பேஜ் இருந்தா செல்லுக்கும் லாபம், இல்லன்னாலும் ஜீனுக்கு நஷ்டம் இல்ல.