காந்தளூர் வீடு (குடும்பக் குழு)

முருகேசன் சித்தப்பா: ஞாயிறு காதுகுத்துக்குப் பந்தல் போட இடம் பத்தாது. நாளை 7 மணிக்கு ஜேசிபி வருகிறது. பின்வேலி முள்பழக் கொடியை எடுத்துவிடலாம்தானே?

செல்வி அத்தை: எடு. பொங்கலுக்கு வந்தபோது என் பட்டுச்சேலை போச்சு.

வாத்தியார் மாமா: அவசரம் வேண்டாம். ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பழுக்குமே, அது வேறு. அதில் காம்புக்கு மூன்று இலை. நம் வேலியில் இருப்பது ஒற்றை இலை, திராட்சை இலை மாதிரி. திருப்பினால் அடியில் துரு நிறப் பஞ்சு. ரூபஸ் ஃபேர்ஹோல்மியானஸ் என்ற காட்டு ராஸ்பெர்ரி வகை. இலங்கையின் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் இருந்த கார்ட்னர் 1847-ல் வைத்த பெயர். மூணாறு, மறையூர்ப் பக்கமும் இலங்கை மலையிலும் இருக்கிறது. உடுமலையில் தேடினால் கிடைக்காது.

கார்த்தி: சரி மாமா

செல்வி அத்தை: சேலை உடுமலையில் கிடைக்கும். வாங்கித் தருகிறீர்களா?

வாத்தியார் மாமா: அந்த மஞ்சள் பழம் ஹவாய்க்குப் போய் அங்கே காட்டையே மூடிவிட்டது. உலகின் மோசமான 100 ஊடுருவி உயிரினங்களில் அதுவும் ஒன்று. இது அப்படி இல்லை, பாவம்.

பிரியா: சமையல்காரர் 120 இலை என்கிறார்.

முருகேசன் சித்தப்பா: 150 சொல்.

ராஜாமணி பெரியப்பா: முள்ளை எடுத்தால் எல்லைக்கல் தெரியும். எடுங்கள். என் பக்கம் மூன்றடி வந்திருக்கிறது என்று அப்பா இருக்கும்போதே சொன்னேன்.

முருகேசன் சித்தப்பா: அண்ணா, இப்போது இது வேண்டாமே.

வாத்தியார் மாமா: மச்சான், யாரும் நகர்த்தவில்லை. இந்த மாதிரி முள்கொடிகள் பலவற்றில் கொடி வளைந்து நுனி மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர் விடும். அப்புறம் அது ஒரு செடி. வேலி தானாகவே நடக்கும்.

ராஜாமணி பெரியப்பா: என் பக்கமே ஏன் நடக்கிறது?

செல்வி அத்தை: மாட்டுத்தொழுவம் உன் பக்கம்தானே இருக்கிறது!

கார்த்தி: ஹாஹாஹா

பிரியா: பாட்டி பேசச் சொல்லி எழுதுகிறேன்: "மாப்பிள்ளை சொல்வது சரி. பழுத்ததை இழுத்தால் தொப்பி மாதிரிக் கழன்று வரும். ராஜாமணி பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு வருவான், சட்டையெல்லாம் சிவப்பு. அடி வாங்கினதும் அதற்குத்தான்."

ராஜாமணி பெரியப்பா: அது முருகேசன்.

முருகேசன் சித்தப்பா: நான் அப்போது பிறக்கவே இல்லை. சரி, பாதியை எடுப்போம்.

செல்வி அத்தை: எந்தப் பாதி?

பிரியா: 150 சொல்லிவிட்டேன். பாயசமா, போளியா?

கார்த்தி: போளி

ராஜாமணி பெரியப்பா: ஆறரைக்கே டேப்போடு வந்துவிடுவேன்.

வாத்தியார் மாமா: இலையின் அடிப்பக்கப் படம் போடுகிறேன், எல்லோரும் பாருங்கள்.