23 பிள்ளைகள் படிக்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளி: பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்காமல் காக்க என்ன வழி?

கேள்வி: குடமுருட்டிக் கரை

அனைவருக்கும் வணக்கம். நான் வலங்கைமான் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இந்த ஆண்டு ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 23 பிள்ளைகள் படிக்கிறார்கள். தலைமையாசிரியர் ஒருவரும் இடைநிலை ஆசிரியர் ஒருவரும் பணியில் இருக்கிறார்கள். கொஞ்சம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும், வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டுப் பிள்ளைகளும் காலையிலேயே வேன் ஏறித் தனியார் பள்ளிகளுக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சியிருப்பவர்களில் பெரும்பாலோர் நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியுமுன் கிளம்பிவிடும் பெண்களின் பிள்ளைகள்.

ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில், பிரதான சாலைக்கு அந்தப் பக்கம், இன்னோர் ஒன்றியப் பள்ளி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்ற பேச்சு எங்கள் ஊரிலேயே எழுந்துள்ளது. அரசு உத்தரவு எதுவும் வரவில்லை. நான்கு ஆசிரியர்கள் ஓரிடத்தில் இருந்தால் வகுப்புகளைப் பிரித்துக்கொண்டு நடத்தலாம் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், சம்பா அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையங்களுக்குப் போய்வரும் லாரிகளுக்கு நடுவே ஐந்து வயதுக் குழந்தை அந்தச் சாலையைக் கடந்துபோக வேண்டும் என்பதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதா? பள்ளி மேலாண்மைக் குழுவால் உண்மையில் எதைச் செய்ய முடியும்? விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நீடாமங்கலம் வட்டாரம்

தம்பி, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், தொடக்கப் பள்ளி நடப்பதற்கு இத்தனை பிள்ளைகளாவது இருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் இல்லை. அதன் அட்டவணை, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. அதாவது 23 பிள்ளைகள் படித்தாலும் 58 பிள்ளைகள் படித்தாலும் உங்கள் பள்ளிக்கு உரியவர்கள் இரண்டு ஆசிரியர்களே. மேலும், தொடக்கப் பள்ளி என்பது குடியிருப்பிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதே தமிழ்நாட்டு விதிகளின் அடிப்படை. நீங்கள் சொல்லும் 2 கிலோமீட்டர் தொலைவும் இடையில் உள்ள சாலையும் உங்கள் பக்கத்து வாதத்துக்கு வலுவான ஆதாரங்கள். இவற்றை வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிராமல் எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

ஆனால், சட்டம் மூடச் சொல்லவில்லை என்பதால் பள்ளி தானாக நிலைத்துவிடாது. மாணவர் எண்ணிக்கை முற்றிலும் இல்லாமல் போன 40-க்கும் மேற்பட்ட பள்ளிகள் 2019இல் தற்காலிக நூலகங்களாக மாற்றப்பட்டதை நாம் பார்த்தோம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படியான எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. எனவே சேர்க்கைக்கான முயற்சி ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு தொடங்குவதாக இருந்தால் காலம் கடந்துவிடும். மார்ச் மாதத்திலேயே வீடு வீடாகப் போக வேண்டும்.

இன்னொரு செய்தியை ஊரார் பலர் அறிவதில்லை. ஒன்றியப் பள்ளி ஓர் அலுவலகத்தின் கீழ் மட்டும் இயங்குவதில்லை. ஒன்றிய ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அவர்களுடைய பணி, விடுப்பு, மாறுதல் எல்லாம் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகக் கல்வித் துறைக்குப் போகின்றன. கட்டடமோ இன்றும் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தமானது. கூரை ஒழுகினால் கேட்க வேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலரின் அலுவலகம். மதிய உணவு சத்துணவுத் திட்டத்தின் வழியாகவும், காலை உணவு மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழியாகவும் வருகின்றன. ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தால் அது அங்கேயே தங்கிவிடும். எதை யாரிடம் கேட்பது என்று பிரித்துக் கேட்பதே பாதி வேலை.

நான்கு ஆசிரியர்கள் ஓரிடத்தில் இருந்தால் நல்லது என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 2022 ஜூன் மாதம் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகள் வகுப்பு வாரியாக அல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் முறை அதற்குள்ளேயே இருக்கிறது. 23 பிள்ளைகளை இரண்டு ஆசிரியர்கள் கவனிக்கும் பள்ளியில், எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து வரவில்லை என்பது ஆசிரியருக்குப் பதிவேட்டைப் பார்க்காமலே தெரியும். உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது: இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் தனியாகத் தாங்க வேண்டும். பயிற்சி நாள்களில் மாற்று ஆசிரியர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்காகப் பள்ளியையே இடம் மாற்ற வேண்டியதில்லை.

பதில்: மேலாண்மைக் குழு உறுப்பினர், திருத்துறைப்பூண்டி பக்கம்

ஐயா எழுதியவற்றோடு ஒரு தாயாக நான் சேர்க்க விரும்புபவை சில உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள், தலைமையாசிரியர் கூட்டுநர். சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி இந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் ஒன்றை எழுத வேண்டும். அரசோ உள்ளாட்சியோ தரும் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்றும் அதே பிரிவு சொல்கிறது. பல ஊர்களில் இது கையெழுத்து வாங்கும் சடங்காக முடிந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எங்கள் குழுவில் நாங்கள் உட்கார்ந்து பேசி, கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி, மழைக்காலத்தில் வாசலில் தேங்கும் நீரை வாய்க்காலுக்கு வடிப்பது, சுற்றுச்சுவர் என்று முன்னுரிமை வரிசையில் எழுதி, அதையே கிராம சபையில் தீர்மானமாகவும் வைத்தோம். தண்ணீர்த் தொட்டியும் வடிகாலும் கிடைத்தன. சுவர் இன்னும் வரவில்லை. அடுத்த கிராம சபையிலும் கேட்போம்.

பிள்ளைகள் எந்த வயதில் நம்மை விட்டுப் போகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். முதல் வகுப்பில் சேர்க்கும்போது ஒப்பிட்டுப் பார்த்துப் பெற்றோர் தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்லை. மூன்றரை வயதில் எல்கேஜிக்கு அனுப்புகிறார்கள். அங்கேயே பழகிவிட்ட பிள்ளையைப் பிறகு யாரும் மாற்றுவதில்லை. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளை அரசு தொடங்கியது. சிறிய தொடக்கப் பள்ளிகளுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. ஆகவே உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளரோடு பேசி, ஐந்து வயது நிறையப் போகும் பிள்ளைகளின் பட்டியலை வாங்கி, அந்தத் தாய்மார்களை வாரம் ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். வகுப்பறையைப் பார்த்தபின் மனம் மாறிய பெற்றோரை நான் அறிவேன்.

காலை உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளைப் பள்ளியில், நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான், இத்திட்டம் மாநிலத்தின் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. விடியுமுன் நடவுக்குப் போகும் தாய்க்கு அது எத்தனை பெரிய நிம்மதி என்பதை வயலில் இறங்கியவர்களே அறிவார்கள். பள்ளி 2 கிலோமீட்டர் தள்ளிப் போனால், அந்த உணவு நேரத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது யார்? இணைப்பைப் பற்றிப் பேசுபவர்களிடம் இந்தக் கேள்வியை முதலில் வையுங்கள்.

பதில்: நன்னிலத்தார், இப்போது நியூ ஜெர்சி

நான் நன்னிலம் பக்கத்து ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். இங்கே என் பிள்ளைகள் படிப்பது, ஒரு டவுன்ஷிப்புக்கு மட்டுமே உரிய சிறிய பொதுக் கல்வி மாவட்டத்தில். நம் ஊரில் கல்வி மாவட்டம் என்றால் நூற்றுக்கணக்கான பள்ளிகள் அடங்கிய நிர்வாகப் பகுதி. நியூ ஜெர்சியிலோ ஏறத்தாழ 600 கல்வி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டு தொடக்கப் பள்ளிகளை மட்டும் நடத்தும் மாவட்டங்களும் அவற்றில் உண்டு. அத்தகைய இடங்களில் எட்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் பல ஊர்களுக்குப் பொதுவான உயர்நிலைப் பள்ளிக்கோ, பக்கத்து மாவட்டத்தின் பள்ளிக்கோ போகிறார்கள். ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்தினர் மூன்றாண்டுகள் பணிபுரிகிறார்கள்; ஊதியம் கிடையாது. சிறிய மாவட்டங்களை இணைத்துச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற விவாதம் இங்கேயும் நீண்ட காலமாக நடந்து வருகிறது.

இந்த ஏற்பாட்டை அப்படியே வியந்து போற்ற என்னால் முடியவில்லை. பள்ளிச் செலவில் பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்து வருவதால், வளமான ஊருக்கு வளமான பள்ளியும் ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளியும் என்று ஆகிவிடுகிறது. இதைச் சரிசெய்ய மாநில உச்ச நீதிமன்றமே 1990இல் தலையிட்டு, ஏழை நகரங்களின் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி தர ஆணையிட வேண்டியிருந்தது. நம் டெல்டாவில் ஆசிரியரின் ஊதியம் ஊரின் வரி வருவாயைப் பொறுத்ததாக இல்லை. குடிசைகள் நிறைந்த தெருவுக்கும் அதே தகுதியும் அதே சம்பளமும் உள்ள ஆசிரியர் வருகிறார். அந்தப் பெரும் பேற்றை நாம் கைவிடக் கூடாது.

ஆனால் ஒன்றை இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். வரவு செலவுத் திட்டத்தை வாரியம் ஆண்டுதோறும் ஊரார் முன் வைத்து, யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்க இடம் தருகிறது. உங்கள் பள்ளிக்கு வரும் மானியம் சிறியதுதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நெறிமுறைப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 பிள்ளைகள் வரை 25,000 ரூபாய். தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும், வந்தது எவ்வளவு, எதற்குச் செலவானது என்பதைப் பள்ளி வாசலில் எழுதி வையுங்கள். பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பியவர்களும் நின்று படிப்பார்கள்.

குடமுருட்டிக் கரை:

மூவருக்கும் என் நன்றி. இன்னும் ஒரு கேள்வி. பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடம் பயன்பாட்டில் இல்லை; அதன் சுவர் விரிசல் விட்டிருக்கிறது. பிள்ளைகள் அதன் அருகிலேயே விளையாடுகிறார்கள். இதைப் பெரிதாக எழுதினால், கட்டடம் சரியில்லை என்பதையே காரணமாகக் காட்டிப் பள்ளியை மாற்றிவிடுவார்களோ என்று பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நீடாமங்கலம் வட்டாரம்

அந்த அச்சத்துக்காக ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள், தம்பி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டதைக் கண்ட தலைமுறை நாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்க அரசு உத்தரவிட்டது. நாளைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லி, விரிசல் விட்ட சுவரைச் சுற்றிக் கயிறு கட்டிப் பிள்ளைகள் அணுகாமல் தடுக்கச் சொல்லுங்கள். பிறகு மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு புகைப்படத்தையும் இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு கொடுத்து, அதன் படியை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, இரண்டு இடங்களிலும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

மனுவில் இடிப்பதை மட்டும் கேட்காதீர்கள். இடித்த இடத்திலேயே புதிய வகுப்பறை வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். ஒன்றியப் பள்ளிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறை வழியாகவே குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் என்ற நிதி இருக்கிறது. அதன் பெயரைக் குறிப்பிட்டே கேட்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இடிக்கும் வேலை முடிய வேண்டும் என்பதால், அக்டோபர் 2 கிராம சபை வரை காத்திராமல் ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே தீர்மானத்தை வையுங்கள்.